வராத கேம்களுக்காக வந்தவர்களுக்கு

விர்ச்சுவல் பாய் கன்சோலில் வெளிவராமல் நின்றுபோன கேம்களின் பட்டியலைச் சரிபார்க்கக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. யார் என்ன செய்தீர்கள், அதனால் எது தெளிந்தது என்று விவரமாகவே எழுதுகிறோம். இனி இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கும் அது உதவும். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

நிண்டெண்டோவின் இந்த 32-பிட் கன்சோல், கண்களை வைத்துப் பார்க்கும், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் திரையில் சிவப்பிலும் கருப்பிலும் மட்டுமே படம் காட்டும் பெட்டி. 1995 ஜூலை 21-ல் ஜப்பானிலும் ஆகஸ்டில் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. ஜப்பானில் டிசம்பர் 22-க்குப் பிறகு புதுக் கேம் ஒன்றும் வரவில்லை. அமெரிக்காவில் கடைசிக் கேம் 1996 மார்ச்சில் வந்தது. விற்றது சுமார் 7,70,000 பெட்டி. ஜப்பானில் 19 கேம், அமெரிக்காவில் 14. இரண்டு இடத்திலும் வந்த 11-ஐ ஒரு தடவை மட்டும் எண்ணினால் மொத்தம் 22. சந்தேகமில்லாத கணக்கு இவ்வளவுதான். வராத கேம்களின் பட்டியல்களோ இதைவிட நீளமானவை. ஒன்றைப் பார்த்து இன்னொன்று படியெடுத்தது. எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்த வதந்தியாகவும் இருக்கலாம்.

அதனால் முதல் நன்றி, புதிதாக ஒரு பெயரைக் கொண்டுவந்தவர்களுக்கு அல்ல. இருந்த பெயரை அடிக்கச் சொன்னவர்களுக்குத்தான். 'ஸ்பேஸ் பின்பால்' வராத கேம் இல்லை, வெளிவந்த கலாக்டிக் பின்பாலின் பழைய பெயர் என்று காட்டினீர்கள். 'ஜி-ஜீரோ'வும் 'ஜீரோ ரேசர்ஸ்'சும் ஒன்றே என்றீர்கள். 'பாலிகோ பிளாக்' தனிக் கேம் அல்ல. அமெரிக்காவில் மட்டும் வந்த 3டி டெட்ரிஸுக்கு ஜப்பானில் வைக்கவிருந்த பெயர். வெளியீட்டுக்கு முன் கண்காட்சியில் ஓடிய நிண்டெண்டோவின் 'ஸ்டார் ஃபாக்ஸ்' கேமின் சாயல் கொண்ட விமானக் காட்சி, கன்சோலின் திறமையைக் காட்டச் செய்த டெமோ. அதைக் கேம் என்று எண்ணுவது கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கல்யாணமாக எண்ணுவதுபோல. இப்படி அடிபட்ட பெயர்களைத் தூக்கி எறியவில்லை. ஏன் அடித்தோம் என்ற குறிப்போடு தனியாக வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் வேறொருவர் அதே பெயரைப் 'புதிதாக'க் கண்டுபிடித்து வருவார்.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து அனுப்பியவர்களுக்கு அடுத்த நன்றி. கேம் பற்றிய பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்பாமல் அட்டை, பொருளடக்கம், பதிப்பு விவரப் பக்கம் எல்லாம் சேர்த்து அனுப்பினீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய உபகாரம். தேதி இல்லாத துண்டுத்தாளை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. தேதியிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்க மாத இதழ்கள் அட்டையில் போட்ட மாதத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். எழுதி முடித்தது அதற்கும் சில வாரங்கள் முன்னால். ஆகவே '1996 மார்ச்' இதழில் ஒரு கேம் 'விரைவில்' என்று இருந்தால், மார்ச்சில் அது உயிரோடு இருந்தது என்று அர்த்தமில்லை. ஜப்பானிய வார இதழ்களிலும் அட்டைத் தேதி விற்பனை நாளுக்குப் பிந்தியதே.

ஸ்கேனை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்துப் பிறகு சுருக்கியதும் சரியான வேலை. குறைந்த அளவில் நேராக எடுத்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் கோடுகளும் மோதி அலை அலையாக ஒரு வலை விழும். அந்தச் சிவப்புப் படங்களில் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். படம் தெளிவாக இருந்தால் அளந்து பார்க்க முடிகிறது. விர்ச்சுவல் பாயின் திரை ஒரு கண்ணுக்கு 384-க்கு 224 புள்ளி, அதாவது 12-க்கு 7. கருப்பையும் சேர்த்து ஒரு நேரத்தில் நான்கு சாயல்தான். 4-க்கு 3 சட்டத்தில் வழுவழுப்பான நிறமாற்றத்தோடு வந்த 'ஸ்கிரீன்ஷாட்' கணினியில் வரைந்த விளம்பரப் படம் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். பெரும்பாலும்தான், பத்திரிகைக்காரர்கள் நல்ல படத்தையும் இஷ்டத்துக்கு வெட்டியிருக்கிறார்கள்.

ஜப்பானிய மொழி தெரிந்தவர்களே, உங்கள் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. 'விர்ச்சுவல்' என்ற ஒரே சொல்லைக் கத்தகானாவில் (வெளிமொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்துமுறை) 'ப' ஒலியிலும் எழுதுகிறார்கள், 'வ' ஒலிக்குரிய எழுத்திலும் எழுதுகிறார்கள், இரண்டு விதத்திலும் தேட வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பாதிச் செய்திகள் அகப்பட்டன. 'ர', 'ல' இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து என்பதால் ஒரு கேம் இரண்டு ஆங்கிலப் பெயரோடு உலவியதையும் பிடித்தீர்கள். ஜப்பானியக் காப்புரிமை அலுவலகத்தின் வணிகக்குறிப் பதிவுகளைத் துழாவியதற்கும் நன்றி. ஆனால் வணிகக்குறி ஒரு பெயருக்கு மட்டுமே சாட்சி. அந்தப் பெயரில் ஒரு வரி நிரல் எழுதப்பட்டதா என்பதற்கு அல்ல.

அந்தக் காலத்தில் கேம் நிறுவனங்களில் வேலை பார்த்து, இன்று பொறுமையாகப் பதில் சொன்ன பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். உங்களிடம் பேசப் போனவர்களுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும், கையில் இருந்த பட்டியலை உங்களிடம் காட்டாமல் கேட்டதற்காக. பட்டியலைக் காட்டிவிட்டுக் கேட்டால் நினைவு அதில் இருக்கும் பெயரைப் பற்றிக்கொள்ளும். முதலில் எத்தனை பேர் வேலை செய்தார்கள், எத்தனை மாதம், திரையில் ஏதாவது ஓடியதா, நிறுத்தச் சொல்லி எப்படித் தகவல் வந்தது. கேமின் பெயர் கடைசியில். இந்த வரிசையில் கேட்டபோதுதான் விர்ச்சுவல் பாய் என்று நினைத்திருந்த ஒன்று கேம் பாய் என்றும், இன்னொன்று காகிதத்தைத் தாண்டவே இல்லை என்றும் தெரிந்தது. சொல்ல முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களுக்கும் அதே நன்றி. அவர்கள் மௌனத்தை 'ஆமாம்' என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

இனி, பழைய கேம் சிப்பில் இருப்பதைக் கருவியால் படித்துக் கணினிக் கோப்பாக எடுத்தவர்கள். இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு முறை தவறினால் திரும்பக் கிடைக்காத பொருள் இது.

சோதனைக் கார்ட்ரிட்ஜில், அதாவது கேமோடு கன்சோலில் செருகும் பெட்டியில், இருப்பவை பெரும்பாலும் கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ரோம் சிப்கள் (அழித்து மறுபடி எழுதத்தக்க நினைவகச் சிப்கள்). அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி பட்டால் அழியும். நேர் வெயிலில் ஒரு வாரம், அறையின் டியூப்லைட் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்று வருடம் என்பது சிப் தயாரிப்பாளர்களே தரும் கணக்கு. ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் வெறும் பெயர்ச்சீட்டு அல்ல, அதுதான் குடை. பசை காய்ந்து லேபிள் உதிர்ந்த சிப்கள் வந்தபோது முதல் வேலையாக ஒளி புகாத டேப் ஒட்டினீர்கள். பிறகு பலகையின் இரு புறமும் படம் எடுத்தீர்கள், எந்தச் சிப் எந்தக் குழியில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது தெரியும்படி. கால்களை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தீர்கள். இந்த வரிசையை யாரும் மாற்ற வேண்டாம்.

படிக்கும் கருவியில் 'சிப் அடையாளம் பார்' என்ற வசதியை அணைத்து வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அடையாளம் கேட்கும்போது கருவி ஒரு முகவரிக் காலில் சுமார் 12 வோல்ட் கொடுக்கும். சிப் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த 12 வோல்ட் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

குறைந்தது மூன்று முறை படித்து எஸ்எச்ஏ-1 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற ஒரு கணக்கு) ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. நீங்கள் 4.5, 5, 5.5 வோல்ட் மூன்றிலும் தனித்தனியாகப் படித்தீர்கள். காரணம் இதுதான்: ஈப்ரோமில் மின்னூட்டம் ஏற்றிய பிட் 0, வெற்று பிட் 1. வருடக்கணக்கில் மின்னூட்டம் கசிந்தால் 0 என்பது 1 ஆகும். அதன் மறுதலை கசிவால் நடக்காது. பாதி கசிந்த பிட் அதிக வோல்ட்டில் 1 என்றும் குறைந்த வோல்ட்டில் 0 என்றும் படிக்கும். ஆகவே இரண்டு படிப்பு முரண்பட்டால், சிப் கால்களின் மின்தொடர்பு சுத்தமாக இருக்கிறது என்று உறுதியான பின், 0 சொல்வதை நம்ப வேண்டும். மூன்று முறையும் ஒரே தப்பைப் படித்துவிட்டு 'மூன்றும் ஒத்துப்போகிறது' என்று நிம்மதி அடைந்த பழைய கோப்புகள் சில இந்த முறையால்தான் மாட்டின.

கோப்பு கிடைத்ததும் முதலில் கடைசியைப் பாருங்கள் என்று சொன்னீர்கள். விர்ச்சுவல் பாயின் என்இசி வி810 செயலி முகவரி வெளியின் கடைசி 16 பைட்டிலிருந்துதான் ஓடத் தொடங்கும். கோப்பு முடிவிலிருந்து 544 பைட் முன்னால் தலைப்புப் பகுதி: 20 பைட் ஷிஃப்ட்-ஜிஸ் எழுத்தில் (கணினியில் ஜப்பானிய எழுத்தைக் குறிக்கும் முறை) பெயர், 5 பைட் ஒதுக்கீடு, 2 பைட் நிறுவனக் குறி, 4 பைட் கேம் குறி, 1 பைட் பதிப்பு எண். கடைசி 16 பைட்டும் வெறுமையாக இருந்தால் ஒரு சிப் விடுபட்டிருக்கிறது அல்லது வரிசை தவறு. பெயரின் எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறிக் கிடந்தால், 16-பிட் பாதைக்கான இரட்டை, ஒற்றை பைட் சிப்களைத் தலைகீழாகக் கோத்திருக்கிறோம். 2 எம்பி கோப்பில் ஒரே 512 கேபி நான்கு முறை திரும்பினால், கேமின் உண்மை அளவு அந்த 512 கேபிதான், மீதி எதிரொலி. தலைப்புப் பகுதி காலியாக இருந்தால் போலி என்று பாய்ந்துவிடக் கூடாது, சோதனைப் பதிப்பில் அதை நிரப்ப யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

பவுண்ட் ஹை! பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பான் சிஸ்டம் சப்ளை உருவாக்கிய அந்தக் கேமின் நாயகன் சால்வோ, 1997-ல் கேம் பாய்க்குக் குடிபெயர்ந்தான். விர்ச்சுவல் பாய்க் கேம் சோர்ஸ் கோடாக (நிரலாளர் எழுதிய மூல நிரலாக) அகப்பட்டு, ஆர்வலர்கள் அதைத் தொகுத்து 2010-ல் ஓடவைத்தார்கள். ஆகவே அது சிப்பிலிருந்து எடுத்த படி அல்ல, பிற்காலத்தில் கட்டிய ரோம் (ஓடக்கூடிய கேம் கோப்பு). பட்டியலில் இந்த இரண்டுக்கும் இரண்டு குறி வேண்டும் என்று வாதாடியவர் ஜெயித்துவிட்டார்; ஒப்புக்கொள்கிறோம். 'ஃபேஸ்பால்' என்ற வராத கேமின் ஜப்பானிய வடிவமான நிக்கோ-சான் பேட்டில் 2013-ல் வெளியே வந்தது. டிராகன் ஹாப்பருக்கும் ஜீரோ ரேசர்ஸுக்கும் அந்தக் கால இதழ்களிலேயே படங்கள் உண்டு. இவற்றின் இருப்பில் யாருக்கும் ஐயமில்லை.

எமுலேட்டர் (கன்சோலைப்போலக் கணினியில் கேமை ஓட்டும் மென்பொருள்) எழுதியவர்கள், குறிப்பாக மெட்னாஃபென் போன்றவற்றைத் திறந்த நிரலாக வைத்தவர்கள் இல்லாவிட்டால் எதையும் விரைவாகப் பார்த்திருக்க முடியாது. ஆனால் எமுலேட்டரில் ஓடியது கன்சோலில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எமுலேட்டர் தொடக்கத்தில் நினைவகத்தைப் பூஜ்ஜியமாக்கிக் கொடுப்பது வழக்கம், உண்மைப் பெட்டியில் அங்கே குப்பைதான் இருக்கும். முடிக்கப்படாத கேம் அந்தக் குப்பையை மதிப்பாக எடுத்துக்கொண்டு தொங்கிவிடும். சோதனைக்கு, கோப்பை எழுதி ஓட்டக்கூடிய ஃப்ளாஷ்பாய் கார்ட்ரிட்ஜோடு நிஜக் கன்சோலையும் இரவல் கொடுத்தவர்களை இங்கே நினைக்கிறோம்.

அந்தக் கன்சோல்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர்களையும். திரையில் கிடைக்கோடுகள் விடுபட்டால் கேமில் பிழை என்று குறித்துவிடும் அபாயம் இருந்தது. உண்மையில் எல்இடி வரிசையோடு சேரும் நாடாக் கம்பி ஈயப்பற்று வைக்காமல் பசையால் ஒட்டப்பட்டது, வயதானால் விடுபடும். சூடு காட்டி அழுத்தினால் சில மாதம் தாங்கும், திரும்பவும் விடும். நாடாவின் மேல் பிளாஸ்டிக்கைப் பதமாகச் சுரண்டிச் செம்பைத் தெரியவைத்துச் சால்டர் செய்வதே நிலையான வழி. நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். அதன் பிறகு ஒரே கோடு இரண்டு பெட்டியிலும் விடுபட்டால் மட்டுமே கேமின் மேல் பழி போட்டோம்.

கார்ட்ரிட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கக் கொடுத்து, கோப்பை வெளியிட வேண்டாம் என்றவர்களும் இருக்கிறீர்கள். அந்தக் கேம்களுக்கு எதிரே 'பார்க்கப்பட்டது, வெளியிடப்படவில்லை' என்று எழுதி, எஸ்எச்ஏ-1 மதிப்பை மட்டும் போட்டிருக்கிறோம். இந்த ஏற்பாட்டை ஏற்காதவர்கள் உங்களில் உண்டு, அந்தச் சண்டை நடக்கட்டும்.

இதைப் படிக்கும் யாரிடமாவது ஜன்னல் வைத்த சிப் ஒன்று பெட்டிக்குள் கிடந்தால், தயவுசெய்து முதலில் ஜன்னலை மூடுங்கள், பிறகு எங்களுக்கு எழுதுங்கள்.

நன்றியுடன்,
பட்டியல் குழுவினர்