கொடைக் கச்சேரிக்கு வரும் சேக்காளிக்கு

பாளையங்கோட்டை
மாசி 22

மக்கா,

உன் கடுதாசி வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் தண்ணீர் கிடக்கிறது. வெயில்தான் இப்போதே சுள்ளென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பங்குனியிலிருந்து ஊரிலேயே இருந்து கோயில் கொடைக் கச்சேரிகளுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஐந்து கம்பி பேஸ் வாங்கவா, பெரிய ஆம்ப் வாங்கவா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இப்போது வேண்டாம்.

நம்ம பக்கத்துக் கொடையில் மேடை முன்னால் தாழ்ந்த சத்தத்துக்கான சப் பாக்ஸ் நிற்கும், சரி. ஆனால் தெருமுக்கிலும் வேப்பமரத்திலும் ரேடியோ செட்டுக்காரர் கட்டுவது குழாய் ஸ்பீக்கர். குழாயில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வராது. உன் தடித்த ஈ (E) கம்பியை அப்படியே மீட்டினால் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். ஏ 55, டி 73, ஜி 98. நாலுமே குழாய்க்கு எட்டாது. அப்படியும் குழாயடியில் நிற்கிறவருக்கு பேஸ் கேட்கிறதென்றால், காரணம் இதுதான்: அடிநாதத்தின் மடங்குகளாக மேலே எழும் நாதங்கள் 300-க்கு அப்பாலும் உண்டு. அவற்றைக் கொண்டு இல்லாத அடிநாதத்தைக் காது தானாகக் கட்டிக்கொள்கிறது. அதனால் ஊர் முழுக்கக் கேட்க வேண்டுமானால் ஏற்ற வேண்டியது 700-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை. பேஸ் குமிழைத் திருகித் திருகி ஏற்றினால் மேடைப் பலகை அதிரும், தெருவில் ஒன்றும் கேட்காது. 200-300 பக்கம் கொஞ்சம் குறைத்துவிடு, அங்கேதான் டோலக்கோடு சேர்ந்து குழம்பும். 35-க்குக் கீழே உள்ளதை மிக்ஸரிலேயே வெட்டிவிடச் சொல்.

ஐந்தாவது கம்பியின் கீழ் பி வெறும் 31 ஹெர்ட்ஸ். வாடகைக்கு வரும் சப் பாக்ஸ்களில் பல 40-க்குக் கீழே கோனைச் சும்மா ஆட்டுமே தவிர சத்தம் தராது. பாடுகிறவர் ரெண்டு கட்டையில், அதாவது டி சுருதியில் நின்று கீழ் டி கேட்டால் ஈ கம்பியை ஒரு முழுச்சுரம் இறக்கிக்கொள். அந்தக் கம்பியில் மட்டும் எல்லாச் சுரமும் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) மேலே தள்ளிப்போகும் என்பதை நினைவில் வை.

ஆம்ப் உனக்குக் கேட்டால் போதும், 100 வாட் தாராளம். தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் ஏற்றி, காதுப்பக்கம் சாய்த்து வை. கூட்டத்துக்குப் போகும் சத்தம் டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மிக்ஸருக்குப் போகட்டும். பணம் இருந்தால் அதில் போடு, நல்ல கேபிள் இரண்டும் வாங்கு.

இனி உன் பேஸ் இரைகிற விஷயம். எங்கே இரைகிறது என்று எழுதவில்லை, அதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் இரைந்தால் நெக் (கழுத்துக் கட்டை) ரொம்ப நேராகிவிட்டது. மேலே போகப் போக இரைந்தால் அடிமுனையில் கம்பி உட்காரும் சேடில் தாழ்வு. ஒரே ஒரு இடத்தில் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கும். வெறுங்கம்பியில் மட்டும் என்றால் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளம் தேய்ந்துபோயிற்று; அதற்கு எந்தத் திருகாணியும் மருந்தில்லை, நட்டை மாற்ற வேண்டும்.

முதலில் புதுக் கம்பி போடு, 45-65-85-105 நிக்கல். சுருதி ஆணியைத் தாண்டி 10 சென்டிமீட்டர் விட்டு, கம்பியை மடக்கிய பிறகே வெட்டு. மடக்காமல் வெட்டினால் உள்கம்பி மேல் சுற்று நழுவி, கம்பி பிறந்த அன்றே செத்துவிடும். ஆணியில் இரண்டு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் கீழ்நோக்கி இறங்க வேண்டும். சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேபோ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டை விரலால் அமுக்கி, ஏழு எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார். ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், சுமார் 0.3 மில்லிமீட்டர். கூடுதலாக இருந்தால் நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று இறுக்கு. இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரு நாளும் போகாதே. திரும்பச் சுருதி சேர்த்து, சற்றுப் பொறுத்து அளந்து பார். கை கனத்தால் நிறுத்திவிடு, உள்ளே மரை போனால் நெக்கே போச்சு. அதற்குப் பிறகு ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்: 12-வது ஃப்ரெட்டில் ஈ கம்பி 2.5, ஜி கம்பி 2 மில்லிமீட்டர். கடைசியாக, 12-வதில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அமுக்கி வாசித்ததையும் ஒப்பிட்டு, அமுக்கியதன் சுருதி கூடுதலாக நின்றால் சேடிலைப் பின்னால் தள்ளு, குறைந்தால் முன்னால் கொண்டுவா. இந்த வரிசையை மாற்றாதே. ஒன்றைத் தொட்டால் அடுத்தது நகரும்.

ஆடி வந்ததும் இதே அளவுகளை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். தென்காசிப் பக்கம் சாரல் ஈரம், தூத்துக்குடிப் பக்கம் காய்ந்த காற்று; ஒரே வாரத்தில் இரண்டு ஊருக்கும் போனால் நெக் கட்டை நகரத்தான் செய்யும். எந்தப் பக்கம் வளையும் என்பது கட்டைக்குக் கட்டை வேறு, ஊகிக்காமல் அள. தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போனால் கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிட்டு உறையில் போடு.

கைவிஷயத்தில் உன்னிடம் ஒன்றைத்தான் வற்புறுத்திச் சொல்வேன்: சுரத்தை எப்போது நிறுத்துகிறாய் என்று கவனி. தொடங்குவதை எல்லோரும் பழகுகிறார்கள், முடிப்பதைப் பழகுகிறவர்கள் குறைவு. திறந்த வெளியில் ஜெனரேட்டர் சத்தத்துக்கும் தவிலுக்கும் நடுவே பேஸ் தெளிவாகக் கேட்பதும் குழம்புவதும் பெரும்பாலும் இதில்தான். மெட்ரோனோமை 60-ல் வை. ஒரே சுரத்தை முழுத் தட்டுக்கு நீட்டி நாலு தடவை, அரைத் தட்டில் நிறுத்தி நாலு தடவை, கால் தட்டில் நிறுத்தி நாலு தடவை. இடக்கை விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் சுரம் சுத்தமாக அடங்கும். தூக்கினால் வெறுங்கம்பி ஒலிக்கும். வலக்கையில் ஏ கம்பியை மீட்டிய விரல் ஈ கம்பியில் போய்ச் சாயட்டும், ஈ தானாக ஊமையாகிவிடும். டி, ஜி-க்குப் போகும்போது கட்டைவிரலும் பிக்கப்பை (கம்பிக்கடியில் உள்ள காந்தக் கட்டி) விட்டு இறங்கி ஈ கம்பியின் மேல் கிடக்க வேண்டும். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது வரை 13 சென்டிமீட்டர், அதை விரலை விரித்தே பிடிக்க வேண்டும் என்று மணிக்கட்டை முறிக்காதே. நட்டுப் பக்கத்தில் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல் (1, 2, 4) போதும், தேவையான இடத்தில் கையை நகர்த்து.

குத்துப்பாட்டில் தவிலின் தொப்பி விழும் இடத்திலேயே நீயும் விழுந்து, உடனே விலகிவிடு. ஆனால் இளையராஜா பாட்டுக்கு அது செல்லாது. அங்கே பேஸ் தனி மெட்டாக நடக்கும். சசிதரன் வாசித்ததை ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறது, சுரம் சுரமாக எடுத்துக்கொண்டு வா.

கீபோர்டுக்காரரிடம் முதலிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடு. ஸ்டைல் (கீபோர்டு தானாக வாசிக்கும் தாளமும் பின்னணியும்) ஓடும்போது அதிலுள்ள பேஸ் பகுதி அணைந்திருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு பேஸ் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, தப்பு உன் பேரில் விழும். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் எதில் நிற்கிறது? அவர் விரல் சி-யில் இருக்கும், வெளியே வருவது டி ஷார்ப்பாக இருக்கும்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதே. ங்ங் என்று இரைந்தால் பிளக்கின் மேல்பக்கப் பெரிய பின்னை ஒடித்துவிடச் சொல்வார்கள். அது எர்த். அதை எடுத்தால் ஏதாவது பழுது வரும் நாளில் கரண்ட் போக உன் உடம்பைத் தவிர வேறு வழி இருக்காது. ஆம்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடு. இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. பாடும் மைக்கை நெருங்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேஸ் கம்பியில், மறுமுனை மைக்கின் வலைத் தலையில். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங் சரியாகும் வரை மைக்கைத் தொடாதே. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா, அதைச் சுற்றி மண் ஈரமாக இருக்கிறதா என்றும் பார். காய்ந்த செம்மண்ணில் எர்த் பிடிக்காது, ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல். உன்னுடையது ஜாஸ் பேஸ் வகை, இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்தால்தான் சீரியல் செட்டின் இரைச்சல் அடங்கும்.

கோயில் கொடை இல்லாத மாதங்களில் சர்ச் உண்டு. ஊசிக்கோபுரம் போன்ற பெரிய கட்டிடங்களில் எதிரொலி நீளும், சுரத்தைக் குறைத்து வாசி. நாலு குரல் பாட்டுப் புத்தகத்தில் கீழ்க் குரல் எழுதியே இருக்கும். அப்படியே படித்து வாசித்தால் பேஸ் கிட்டாரில் ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும், அது நன்றாகவே இருக்கும்.

காதில் வைக்க மியூசிஷியன் இயர்பிளக் ஒரு ஜோடி வாங்கி வா. 100 டெசிபலில் 15 நிமிடம்தான் காதுக்குப் பத்திரம், கொடைக் கச்சேரி மூன்று மணி நேரம். 9 வோல்ட் பேட்டரி இரண்டு, ஆலன் கீ, மூன்று அங்குல அகல ஸ்ட்ராப், இதெல்லாம் பேஸ் பையிலேயே இருக்கட்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த் எடுத்துக்கொள், பேஸைப் பக்கத்திலேயே கிடத்திக்கொண்டு வரலாம். கம்பியை முழுக்கத் தளர்த்தாதே. எந்த நாள் என்று தாக்கல் சொல்லிவிடு, வெள்ளன வந்து ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உன் சேக்காளி