லைசன்ஸ் வகுப்பு பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு ஆறுதலாகப் பதில் சொல்ல முடியவில்லை, பின்னுக்குப் பிள்ளைகளின் சத்தம், உனக்கும் வேலைக்குப் போகிற அவசரம். அதுதான் இருந்து எழுதுகிறேன். ரொறன்ரோவில் வீடு விற்று வாங்கிக் கொடுக்கிற ஏஜென்ட் வேலைக்கு ரியல் எஸ்டேட் லைசன்ஸ் எடுக்கப் போகிறேன் என்றது எனக்குச் சந்தோசம். ஒன்லைனா நேரடி வகுப்பா என்று கேட்டாய். பாடத்தை ஒன்லைனில் படி, ஆனால் வாயால் சொல்லிப் பழகுகிற பகுதிக்கு நேரில் போக வழியிருந்தால் எப்பாடு பட்டாவது நேரில் போ. இதுதான் என் எண்ணம்.

பாடம் முழுவதையும் நேரில் படிக்கிறது கஷ்டம். வகுப்பு நகரத்தின் மற்றத் தொங்கலில், எட்டோபிகோப் பக்கம் என்றால் வேலை முடிந்த கையோடு ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும், ஜனவரிப் பனியில், இரண்டு பிள்ளைகளையும் யாரிடமாவது விட்டுவிட்டு. முதல் மாதம் போவாய். அப்புறம் ஒரு நாள் தவறும், தவறியதைப் பிடிக்கிறதுக்குள் அடுத்ததும் தவறும், கடைசியில் மனம் விட்டுப்போகும்.

அதற்காக ஒன்லைன் என்றால் சுகம் என்று நினைக்காதே. 2020இல் பள்ளிக்கூடங்களை மூடியபோது ஏ.எல். பிள்ளைகளுக்கு நான் கணக்கீடு படிப்பித்தது சூமிலும் வட்ஸ்அப்பிலும்தானே. கரைசேர்ந்ததெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்றில்லை. நிலாவெளியில் ஒரு பிள்ளை, வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் தகப்பன் கடலால் வந்த பிறகுதான் கைக்கு வரும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் இருந்து கணக்கைக் கொப்பியில் செய்து, படம் எடுத்து அனுப்பும், பிழைத்த இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு "டீச்சர் இது விளங்கேல்ல" என்று எழுதியிருக்கும். எல்லா வசதியும் இருந்து, கமராவை மூடிவிட்டு இருந்த பிள்ளைகள் பலர் பாதியிலேயே காணாமல் போனார்கள். அதனால் உனக்கு நான் சொல்வது ஒன்றுதான், பிள்ளைகள் படுத்த பிறகு ஒன்பது மணி என்று வைத்தால் ஒன்பது மணிதான், மேசையில், கொப்பியோடு. கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் பார்ப்பதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதே.

லைசன்ஸுக்கான ஹம்பர் கல்லூரிப் பாடத்தில் ஒவ்வொரு பரீட்சைக்கும் நூற்றுக்கு 75 எடுக்க வேண்டும் என்றாய். பயப்படாதே, அதில் பெரும்பகுதி தனியே இருந்து திரும்பத் திரும்பச் செய்து பிடிக்கக்கூடியது. ஸ்காபரோவில் வீடு வாங்கினால் காணி கைமாறுகிறதுக்கு மாகாணத்துக்கு ஒரு வரி, நகரசபைக்கு இன்னொரு வரி, ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கத்தில் வாங்கினால் மாகாண வரி மட்டும். இதைப் படிக்க ஆசிரியர் முன்னால் நிற்கத் தேவையில்லை, நாலைந்து கணக்குச் செய்து பார்த்தால் மனதில் நின்றுவிடும்.

ஆனால் சிமுலேஷன் அப்படி இல்லை. ஒருவர் விற்கிறவர், ஒருவர் வாங்குகிறவர், ஒருவர் ஏஜென்ட் என்று இருந்து பேசிப் பழகுகிற இடம் அது. 2023 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வேலை தொடங்க முதலே ரெக்கோவின், அதுதான் ஒன்ராறியோ மாகாணத்தில் ஏஜென்ட்மாரைக் கண்காணிக்கிற சபையின், தகவல் வழிகாட்டியை ஆளிடம் கொடுத்து விளக்க வேண்டும் என்கிறார்கள். ஏஜென்ட் வைக்காமல் தானாக வாங்க வருகிறவருக்கு என்ன உதவி கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசித்து மனப்பாடம் செய்தால் அது வராது.

உப்புவெளிக் காணியை விற்க வந்த தரகர் ஐயாவை உனக்கு ஞாபகம் இருக்கும். வந்தவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. குடையை மடக்கி வேலியில் கொளுவிவிட்டு நாலு எல்லைக்கல்லையும் காலால் தட்டிப் பார்த்தார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து எந்த மாதம் தண்ணீர் இறங்கும் என்று கேட்டார். பிறகு வாங்க வந்த ஆட்களிடம், நான் பக்கத்தில் நிற்கும்போதே, ஆவணியில் தண்ணீர் குறையும் என்று சொன்னார். அவர்கள் வாங்கினார்கள். இங்கே இலங்கையில் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிக்கும் முன்னால் கையெழுத்து வைத்தால்தான் காணி கைமாறும், ஆனால் சனம் அதுக்கு முதலே தரகரின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடும். அந்தப் பேச்சை நீ மனிதருக்கு முன்னால் இருந்துதான் பழக வேண்டும்.

இன்னொன்று. உன்னிடம் வரப்போகிறவர்களில் பலர் நம்முடைய ஆட்கள், ஸ்காபரோவில் இருக்கிற வயசான அம்மா அப்பாமார். ஆங்கிலத்தில் படித்ததை அவர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டி வரும், அதை எந்த வகுப்பும் படிப்பிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பழகு. உனக்கு இரவு ஒன்பது மணி என்றால் பனிக்காலத்தில் எனக்குத் திங்கள் விடிய ஏழரை, தேத்தண்ணி குடித்துவிட்டு வீடு வாங்க வந்த ஆள் மாதிரி இருந்து கேட்பேன். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுவேன், நீ திரும்பச் சொல்ல வேண்டும். முதல் கேள்வியை இப்போதே யோசித்துவிட்டேன், அடமானக் காசு கட்டாமல் விட்டால் வீட்டை எத்தனை மாதத்தில் எடுப்பார்கள்? படித்துக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை