முதுகுக்குச் செலவழி, மல்லிகா

வேலூர்
மாசி மாதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் நீ கையால் வரைந்து அனுப்பிய படமும் கிடைத்தன. மரம் எங்கே, சரிவு எங்கே, வேலி எங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது ரொம்ப வசதியாக இருந்தது. போனில் பேச ஆரம்பித்தால் பேரப்பிள்ளைகள் கதையிலேயே நேரம் போய்விடுகிறது. அளவும் கணக்கும் காதில் நிற்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் கோட்டை அகழி ஓரமாக நடந்துவிட்டு வருகிறார். பொங்கலன்று நம் கணக்கு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். கண் பார்வை மங்கிவிட்டது, குரலில் மட்டும் பழைய மிடுக்கு அப்படியே இருக்கிறது. உன்னைப் பற்றி விசாரித்தார். உனக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் சந்தோஷப்பட்டார். மாமரம் இந்த வருஷம் நிறையப் பூத்திருக்கிறது. வெயில் இப்போதே சுள்ளென்று அடிக்கத் தொடங்கிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் உன் மிச்சிகன் வீட்டுத் தோட்டத்தில், மேப்பிள் மரத்திலிருந்து வேலி வரை சரிந்து இறங்கும் இடத்தில், இலை அழகுக்காக வளர்க்கும் உன் ஹோஸ்டாச் செடிகளை வைக்க, மண்ணைத் தாங்கி நிற்கும்படி நான்கடி உயரத்தில் பிளாக் சுவர் கட்டலாமா, ஆள் வைக்காமல் நீங்கள் இரண்டு பேருமே கட்டிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகக் கட்டலாம். ஆனால் நான்கடிக்கு ஒரே சுவராக வேண்டாம். இரண்டடியில் இரண்டு சுவராகக் கட்டு. சுவர் உயரம் இரண்டு மடங்கானால் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் பலம் எட்டு மடங்காகும். இரண்டடிச் சுவரை நீயும் அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிவிடலாம். நான்கடிச் சுவரென்றால் இன்ஜினியர் வேண்டும், பின்னால் மண்ணுக்குள் விரித்துச் சுவரைப் பிடிக்கும் வலைத்துணி வேண்டும், உங்கள் ஊர் அலுவலகத்தில் அனுமதியும் கேட்பார்கள். கீழ்ச்சுவருக்கும் மேல்சுவருக்கும் நடுவே குறைந்தது நான்கடி இடைவெளி விடு. கீழ்ச்சுவர் உயரத்தைப்போல் இரண்டு பங்காவது விட்டால்தான் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவர் மேல் விழாது. அந்த நான்கடியும் வீணில்லை, உனக்கு இன்னொரு பாத்தி கிடைக்கிறது.

நெடுஞ்சாலைத் துறையில் இருந்த காலமெல்லாம் ஏலகிரி மாதிரி மலைப்பாதைச் சுவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். சுவரைப் பெரும்பாலும் சாய்ப்பது தண்ணீர்தான். காய்ந்த மண் ஓரளவு தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். மழை பெய்து, மண் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தேங்கினால் வந்தது வினை. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ எடை. அதற்கு உராய்வு கிடையாது, பிடிப்பு கிடையாது. தேங்கிய உயரம் முழுக்கச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருக் கோடியில் ஒரு சுவர் விழுந்தது. மலையடிவாரத்து மனை, மண்ணை நிரவி மேடாக்கி ஹாலோ பிளாக்கில் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் டைல்ஸ், உச்சியில் வரிசையாக விளக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு அப்படியே வெளிப்பக்கமாகப் படுத்துவிட்டது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாருமில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். உள்பக்கம் களிமண்ணைச் சுவரோடு ஒட்டிக் கொட்டியிருந்தார்கள். ஒரு கூடை ஜல்லி இல்லை, தண்ணீர் வடிய ஒரு துளை இல்லை. முகத்துக்கு அவ்வளவு செலவு செய்தவர்கள் முதுகுக்கு எதுவுமே செய்யவில்லை. ஹாலோ பிளாக் வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நல்ல கல்தான். கம்பி கட்டாமல், ஓட்டையில் கான்கிரீட் நிரப்பாமல் அதை மண் தாங்க வைக்கக்கூடாது.

அதனால் கடையில் பிளாக்கின் நிறத்தையும் வேலைப்பாட்டையும் பார்த்து மயங்காதே. நடுத்தர விலைக் கல்லாக வாங்கி, மிச்சப் பணத்தை முதுகுக்குச் செலவழி. சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அடியிலிருந்து கிட்டத்தட்ட உச்சி வரை. தூள் கலக்காத சுத்தமான ஜல்லியாக இருக்க வேண்டும். தூள் இருந்தால் அதுவே போய் அடைத்துக்கொள்ளும். ஜல்லிக்கு அடியில் நாலு அங்குலத் துளைக் குழாய், நூறு அடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்து, முனை வெளியே தெரிகிற மாதிரி விடு. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி ஒன்று விரிக்க வேண்டும், அங்கே ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டால் தருவார்கள். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் துணி கிடையாது. பெரிய ஜல்லி, பிறகு பேபி ஜல்லி என்கிற பொடி ஜல்லி, பிறகு ஆற்று மணல் என்று அடுக்கடுக்காகப் போடுவோம். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான், தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்வது.

என் வீட்டுப் பின்பக்கச் சுவர் உனக்கு ஞாபகம் இருக்குமே, கருங்கல்லில் கட்டியது. பெருமழை விட்ட பிறகு அதன் துளைகளைப் போய்ப் பார்ப்பது எனக்கு வழக்கம். முதலில் கொஞ்சம் செம்மண் கலந்து பழுப்பாக வரும், அரைமணி நேரத்தில் தெளிந்துவிடும். உள்ளங்கையில் பிடித்தால் மண் துகள் தங்காது. அப்படி வந்தால் வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. எப்போதும் கலங்கலாகவே வந்தால் உள்ளே மண் கரைந்து போகிறது, சுவருக்குப் பின்னால் பள்ளம் விழப்போகிறது என்று தெரிந்துகொள். உன் குழாய் முனையையும் இப்படியே பார்த்து வா.

உங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு சங்கதி இருக்கிறது. தண்ணீர் பனியாக உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். களிமண்ணில் ஊறிய தண்ணீர் உறைந்தால் மண்ணே மேலே எழும்பும். மிச்சிகனில் கடைக்காலை மூன்றரை அடி ஆழத்துக்குக் கொண்டுபோகச் சொல்வது இதனால்தான். சிமெண்ட் வைத்துக் கட்டிய சுவரென்றால் அந்த ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விழும். நீ சொல்லும் பிளாக் சிமெண்ட் இல்லாமல் அடுக்குவது. பனியில் ஒரு நூலளவு அசைந்து வசந்தத்தில் மறுபடி உட்கார்ந்துவிடும், உடையாது. ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லைகளுக்குக் கல்லை வெறுமனே அடுக்கி வரப்பு போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோமே, அந்த முறைதான். சிமெண்ட் இல்லையே என்று பயப்படாதே. உச்சியில் மூடுகல்லை மட்டும் பசை வைத்து ஒட்டு.

பாதி உழைப்பு கல்லின் முதல் வரிசையில்தான், அதாவது முதல் வரியில்தான் போகும், அதை அவசரப்படுத்தாதே. பிளாக் அகலத்துக்கு முன்னும் பின்னும் அரையடி கூடுதலாக வைத்துப் பள்ளம் தோண்டு. அரையடிக்கு ஜல்லி கொட்டித் திமிசு போட வேண்டும், அங்கே மெஷினே வாடகைக்குக் கிடைக்குமாம். அதன்மேல் முதல் வரி முழுவதும் மண்ணுக்குள் புதைகிற மாதிரி வை. அடியில் புதைந்த அந்த வரிதான் சுவர் முன்னால் நழுவாமல் பிடிக்கும். பிளாக்கின் பின்பக்கம் கீழே ஓர் உதடு நீட்டிக்கொண்டிருக்கும். மேல் வரி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி உட்கார்வதற்காக வைத்தது அது. முதல் வரிக்கு மட்டும் அந்த உதட்டை உளி வைத்துத் தட்டி எடுத்துவிடு, இல்லையென்றால் கல் தட்டையாக உட்காராது. தட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள். ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டத்தை நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை வைத்துப் பார். ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டி இறக்கு. முதல் வரியில் கால் அங்குலம் விட்டுவிட்டால் ஆறாவது வரியில் கண்ணுக்கே தெரியும். அடுத்த வரிகளில் இணைப்பு இணைப்பு மேல் வராமல் மாற்றி மாற்றி வைத்துப் போ. ஒவ்வொரு வரி முடிந்ததும் ஜல்லி போட்டு, பின்னால் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போ. மொத்தச் சுவரையும் எழுப்பிவிட்டு மண்ணைக் கொட்டுவது தப்பு.

மேல் ஓரடி மண்ணை மட்டும் இறுக்காதே, அது ஹோஸ்டாவுக்கு. துணியை ஜல்லி மேல் மடித்துவிட்டு, மக்கிய உரம் கலந்த மண்ணைப் பொலபொலவென்று போடு. ஹோஸ்டாவின் வேர் ஆழமாகப் போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும் என்று நீயே எழுதியிருந்தாய். ஈரம் வேண்டும், ஆனால் தேங்கக்கூடாது. பின்னால் வடிகால் வைத்த பாத்தி அதற்குச் சரியாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள், மேடான பாத்தி சீக்கிரம் காயும். ஜூலை, ஆகஸ்டில் வாரத்துக்கு ஓரங்குல மழைக்குச் சமமாகத் தண்ணீர் விட வேண்டியிருக்கும். கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்தால் கவலைப்படாதே, செடிக்கு ஒன்றும் ஆகாது.

மேப்பிள் மரம்தான் எனக்குக் கவலை. சுவர் கட்டிய உற்சாகத்தில் மரத்தைச் சுற்றி மண்ணை நிரப்பிவிடாதே. அடிமரம் விரிந்து மண்ணுக்குள் இறங்கும் இடம் வெளியில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதை மூடினால் வேர் மூச்சு முட்டும், பட்டை அழுகும். மரம் உடனே காட்டிக்கொடுக்காது, சில வருஷம் கழித்துக் கிளை கிளையாகக் காயும். பள்ளம் தோண்டும்போது பெருவேர் குறுக்கிட்டால் வெட்டாதே, சுவரை வளைத்துக் கொண்டுபோ. அந்தப் பிளாக் பின்னால் குறுகலாகத்தான் இருக்கும், வளைவுக்குச் சுலபமாக ஒத்துவரும். மேப்பிள் வேர் நல்ல மண்ணைத் தேடி உன் பாத்திக்குள்ளேயும் ஏறி வரும். மரத்துக்குப் பக்கத்தில் வைக்கிற ஹோஸ்டாவைத் தொட்டியோடு புதைத்துவிடுவது நல்லது.

செடி அடுக்குவதைப் பற்றி எனக்குத் தோன்றியதையும் சொல்கிறேன். கீழ்ப்பாத்தியில் ஹோஸ்டாவிலேயே அந்த ராட்சத இலைக்காரி ரகம் சம் அண்ட் சப்ஸ்டன்ஸ் போகட்டும், ஐந்தாறு அடி அகலத்துக்குப் படரும் என்றாயே. மேல்சுவரின் விளிம்பில் குட்டி ரகமான புளூ மவுஸ் இயர்ஸை வை. அத்தனை சின்னச் செடியைத் தரையில் வைத்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும். சுவர் மேல் வைத்தால் நடந்து போகும்போதே அந்தச் சாம்பல் நீல இலை கண்ணில் படும். கல் இடுக்கில் பகலெல்லாம் நத்தை ஒளிந்துகொள்ளும், இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார். மானுக்கு இரண்டடிச் சுவர் ஒரு தடையே இல்லை, அதற்கு வலையோ மருந்தோ தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது எனக்கும் ஒரு ஹோஸ்டா கொண்டுவருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம்டி. மண்ணோடு செடியை விமான நிலையத்தில் விடமாட்டார்கள், வந்தாலும் இங்கே பிழைக்காது. அதற்குக் குளிர்காலத்தில் நல்ல குளிரில் தூங்க வேண்டும், வேலூரில் மார்கழி இரவுகூட அதற்குப் போதாது. ஜப்பான், கொரியா, சீனா என்று குளிர் தெரிந்த மண்ணில் பிறந்த செடி அது. என் மாமரத்து நிழலில் கலேடியமும் சேம்பும் இருக்கின்றன, இலை பார்க்கிற ஆசைக்கு எனக்கு அவை போதும். நீ வசந்தத்தில் முளை விடும்போது ஒன்று, இலை விரிந்த பிறகு ஒன்று என்று போட்டோ அனுப்பு.

தோண்டுவதற்கு முன்னால் 811க்குப் போன் செய்துவிடு. மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று வந்து குறி போட்டுவிட்டுப் போவார்கள். பனி விட்டதும், தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்துச் சரிவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு, சுவர் நீளம் எவ்வளவு என்று அளந்து எழுது. பிளாக்கின் நீளம், உயரம், அகலம் மூன்றும் வேண்டும். அளவு வந்தால் எத்தனை கல், எவ்வளவு ஜல்லி, எத்தனை அடி குழாய் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை எதையும் வாங்காதே. அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
வசந்தா