செயலாளர் ஆண்டறிக்கை: எழுத்துரு மாற்றியின் ஆவணப் பணி

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி எழுத்துரு மாற்றியின் ஆவணங்களுக்கே போனது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை, எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடாக்கும் நம் நிரலுக்கு எழுதிய குறிப்புகள் மின்னஞ்சலில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் கொஞ்சம், கூகுள் டாக்ஸில் கொஞ்சம் என்று கிடந்தன. நிறுவும் முறை மட்டும் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தது.

கோடையில் அதன் விலையைக் கொடுத்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தேவையில்லாதது என்று நினைத்து நிரலில் இருந்த ஒரு மாற்று விதியை நீக்கிவிட்டார். ‘வெளியீடு’ எல்லாம் ‘வௌியீடு’ ஆகிவிட்டது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம் என்று பிரித்துக் காட்டியது அந்த விதி. அவர் சோதித்த ‘மௌனம்’ சரியாகவே வந்தது, பாவம். காரணத்தைச் சொல்லும் மின்னஞ்சல் அவர் சேர்வதற்கு முன்பே போனது. தவறு அவருடையதல்ல, நம்முடையது.

அப்புறம்தான் எல்லாவற்றையும் நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்துக்கு, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தோம். டேனியலே புரோசிடாவின் டயாடாக்சிஸ் என்ற ஆவணம் எழுதும் முறைப்படி பயிற்சி, செய்முறை, உசாத்துணை, விளக்கம் என்று பிரித்தோம். விளக்கத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஒவ்வொரு விதியும் ஏன் வந்தது என்று மூத்த உறுப்பினர்களிடம் கேட்டு எழுதினோம். பழைய குறிப்புகள் சில பாமினியிலேயே இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். நம் மாற்றியில் போட்டே அவற்றை மீட்டோம்.

மூன்று நிறுவல் குறிப்புகளையும் வெறும் கணினியில் செய்துபார்த்து, ஓடியதை மட்டும் வைத்துக்கொண்டோம். பழைய இடங்களில் புதிய முகவரி மட்டும் இருக்கிறது. இனி விதி மாறினால் விளக்கமும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தை நிரலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்) மாற வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பதில்லை. ‘வெளியீடு’, ‘வெள்ளம்’, ‘மௌனம்’ மூன்றும் நிரந்தரச் சோதனைச் சொற்களாகிவிட்டன.

வாட்ஸ்அப் குரல்பதிவுகள் இன்னும் எழுத்தாகவில்லை. பழைய விவாதங்களில் இருந்தவர்கள் இரண்டு பேராவது உட்கார்ந்தால் முடித்துவிடலாம். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்