பிடியை இறக்கு, மாப்ளே

மாப்ளே,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். மாஸ்டரின் முழங்கால் தேவலையா? மற்ற ஊர்க்கதை அப்புறம். உன்னிடம் பயிற்சி எடுக்கும் பையன் கம்பூன்றித் தாண்டுகிற (போல் வால்ட்) வீடியோவை அனுப்பினாயே, அதைப் பார்த்ததில் வயிற்றைக் கலக்கிவிட்டது.

"பிடியை 15 செ.மீ. ஏத்தினதும் கம்பு வில்லா வளையுது" என்று பூரித்திருக்கிறாய். கம்பின் அடியிலிருந்து மேல்கை பிடிக்கும் இடம் வரைக்குமான நீளம்தானே பிடி, அதை ஏற்றினால் வளையாமல் என்ன செய்யும்? கம்பை வளைக்கத் தேவைப்படும் சுமை, நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 4.15 மீட்டரில் பிடித்தவன் 4.30-க்குப் போனால் அதே கம்பு 7 சதவீதம் இளகிவிடும். 65 கிலோ ஆளுக்கென்று செய்த கம்பு ஏறக்குறைய 60 கிலோ ஆளுக்கான கம்பாக நடந்துகொள்ளும். பையனின் வேகம் துளியும் கூடவில்லை, அதைக் கவனி.

டேக்ஆஃப் இடத்தை, அதாவது கால் தரையை விட்டுக் கிளம்பும் இடத்தைப் பார்த்தாயா? கம்பை ஊன்றும் குழியான பாக்ஸின் ஆழம் 20 செ.மீ. அவன் மேல்கை தரையிலிருந்து 2.20 மீட்டர் எட்டும் என்று வைத்துக்கொள். பிடி 4.15 என்றால், கம்பு முட்டும் இடத்திலிருந்து 3.39 மீட்டரில் கால் கிளம்பணும், 4.30 என்றால் 3.57. அதாவது 18 செ.மீ. பின்னால். நீ ரன்அப் மார்க்கை, ஓட்டம் தொடங்கும் குறியை, நகர்த்தவே இல்லை! அதனால்தான் கால் தரையில் இருக்கும்போதே கம்பு பாக்ஸில் முட்டுகிறது. மேல்கை பின்னால் இழுபட்டு, இடுப்பு வளைந்து, ஓடி வந்த வேகம் அங்கேயே செத்துப்போகிறது. மேல்கை மணிக்கட்டுக்கு நேர் கீழே கால் நுனி இருக்கணும். வீடியோவை அந்த இடத்தில் நிறுத்திப் பார், புரியும்.

கம்பு தானாக எதையும் தராது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறவனின் ஓட்டத்தில் சுமார் 3.26 மீட்டர் உயரத்துக்கான ஆற்றல்தான் உண்டு. வேகம் 0.1 கூடினால் 8 செ.மீ. கூடும். பிடி ஏறினாலோ கம்பு நிமிர்ந்து செங்குத்தாக வருவதற்கே அதிக ஆற்றல் வேண்டும். அது இல்லாதபோது கம்பு பாதியில் நின்று, ஆளை மெத்தையின் முன்விளிம்பில் போடும், இல்லை ஓடுபாதைப் பக்கமே திருப்பிவிடும். நீ "சபாஷ்" என்று கத்துகிற தாண்டலில் அவன் முதுகு விழுவது முன்விளிம்பில். விளையாட்டில்லை, மாப்ளே. அங்கே கழுத்து போனால் போனதுதான்.

நாளைக்கே பிடியை 4.10-க்கு இறக்கு. ஆறு காலடி ரன்அப், தாண்டுகிற குறுக்குப் பாரே வேண்டாம். மெத்தையின் நடுவில் நாலைந்து தடவை ஒழுங்காக விழட்டும். அப்புறம் 5 செ.மீ. ஏற்று, ஏற்றும்போதெல்லாம் மார்க்கையும் 6 செ.மீ. பின்னால் தள்ளு. பிறகு எட்டு, பத்து காலடி. பார் வைக்கிற நாளில் அதைத் தாங்கும் ஸ்டாண்டை பாக்ஸின் பின்விளிம்பிலிருந்து மெத்தைப் பக்கமாக 80 செ.மீ. உள்ளே வை, 40-ல் வைத்து வீரம் காட்ட வேண்டாம். மெத்தையில் ரொம்ப ஆழமாகப் போய், வளைவும் அதிகமாக இருந்தால், அதே நீளத்தில் இரண்டு மூன்று கிலோ கூடுதல் கம்பு கொடு. நீளக் கம்பெல்லாம் அதற்கப்புறம்தான். இன்னொன்று: கால்களைச் சீக்கிரம் மடக்கி மேலே தூக்க விடாதே. உடம்பு நீளமாகத் தொங்கும்வரைதான் கம்பு லேசாக உருளும்.

ஸ்வீடன் வீரன் டூப்ளாண்டிஸ் 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 தாண்டினானே, அவன் கம்பு 5.20 மீட்டர். நுனியிலேயே பிடித்தாலும் பாக்ஸ் ஆழம் போகக் கைக்கு மேலே 1.30 ஏறியிருக்கிறான். உன் பையன் 4.15 பிடித்தபோது 4.20 தாண்டினான், கைக்கு மேலே 25 செ.மீ.! கூட வேண்டியது அங்கே. நீ கம்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

கம்பின் மேலே எழுதியிருக்கும் ஃப்ளெக்ஸ் எண்ணையும் அனுப்பு. நடுவில் 22.7 கிலோ தொங்கவிட்டால் எத்தனை செ.மீ. தாழும் என்பது அது. எண் சின்னதென்றால் கம்பு விறைப்பு. ஆனால் வேறு கம்பெனிக் கம்போடு ஒப்பிடாதே, ஒவ்வொருவன் அளவும் ஒரு தினுசு. ஸ்பைக்ஸ் (ஷூ ஆணி) கீறிய கம்பு ஏதாவது இருந்தால் ஓரங்கட்டு. அந்தக் கீறலில்தான் உடையும். யாருக்காவது தானம் பண்ணுகிறேன் என்று கிளம்பாதே.

அடுத்த வீடியோ பக்கவாட்டிலிருந்து, பாக்ஸும் கால்களும் தெரிகிற மாதிரி எடு. ஸ்லோமோஷன் பாட்டெல்லாம் வேண்டாம்.

உன்,
பழைய பாவி