லாக் செய்த படத்தைத் திறந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், இயக்குநர்களுக்கும், படப்பிடிப்பு முடிந்தபின் வேலைகளை ஒருங்கிணைக்கும் அலுவலகப் பொறுப்பாளர்களுக்கும்,

மதுரையிலிருந்து வணக்கம்.

உங்கள் படங்களின் வசன ஒலியைச் சுத்தம் செய்து, டப்பிங் எடுத்து, சத்தங்களைக் கோத்துக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். திருநகர்ப் பக்கம் ஒரு மாடியறையில் வேலை. மதுரை, உசிலம்பட்டி, தேனி வட்டாரங்களில் படமெடுத்து, உள்ளூர்க்காரர்களையே நடிக்க வைத்தவர்கள், அவர்களை டப்பிங்குக்காகச் சென்னைக்கு அழைத்துப்போகும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு எங்களிடம் வருகிறீர்கள். வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். வேலையைக் கொடுத்த கையோடு எங்களை மறந்துவிடுகிறீர்களே, அதற்காகத்தான் இந்த மடல்.

சென்ற மாதம் ஒரு படத்தில் ஒலி திரையோடு பொருந்தாமல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். "மதுரையில் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பதும் எங்கள் காதுக்கு வந்தது. எந்தப் படம், எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப் போவதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. எடிட்டிங் முடிந்தது, படத்தை லாக் செய்துவிட்டோம், இனி வெட்டு மாறாது என்று அறிவித்த பிறகு அதில் கை வைத்தால், படத்தைப் பிரித்த பகுதிகளில் எந்த ரீலில், எந்த இடத்தில், எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை தனிப்படம், எடுத்தீர்கள், எத்தனை சேர்த்தீர்கள் என்பதை அன்றைக்கே எல்லாத் துறைக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.

அந்தப் படத்தில் ஒரு துட்டி வீட்டு, அதாவது சாவு வீட்டு, காட்சி. செல்லம்பட்டிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் ஒப்பாரி வைக்கிறார். நடிகை அல்லர். சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் ஆளனுப்பி அழைக்கப்படுபவர். படப்பிடிப்பில் பதிவான ஒலியில் ஜெனரேட்டர் இரைச்சல் ஏறியிருந்ததால் டப்பிங் எடுக்க வேண்டியதாயிற்று. ஹெட்போனை மாட்டியதும் தன் குரலே காதுக்குள் திரும்பி வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை; கழற்றிக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒரு காதில் மட்டும் மாட்டி, படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக்கை மெல்ல ஓடவிட்டோம். நாற்காலியில் உட்கார்ந்தால் பாட்டு வந்தது, அழுகை வரவில்லை. தரையில் ஜமுக்காளம் விரித்து மைக்கைத் தாழ்த்திய பிறகுதான் வந்தது. ஒப்பாரியில் மார்பில் கை விழும் இடத்தில் மூச்சு உடையும். அந்த உடைப்பில்தான் அடுத்த வரி பிறக்கும். வளையலைக் கழற்ற மாட்டேன் என்றார். அந்தச் சத்தத்தையும் சேர்த்தே எடுத்தோம். முடிந்தபோது உங்கள் உதவி இயக்குநர் 'ஓகே' சொல்லவே மறந்துபோனார்.

அதற்குப் பிறகு அந்தக் காட்சியைத் திறந்திருக்கிறீர்கள். நீளம் என்று யாருக்கோ பட்டிருக்கும். ஒப்பாரியின் நடுவே பேத்தியின் முகத்தைச் செருகி, முன்னும் பின்னும் குறைத்து, மொத்தத்தில் 11 ஃபிரேம் எடுத்திருக்கிறீர்கள். அது இயக்குநரின் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. புதிய பிரதி இசையமைப்பாளருக்குப் போயிருக்கிறது. நிறம் பார்க்கும் டி.ஐ. கூடத்துக்குப் போயிருக்கிறது. அந்தக் காட்சியில் ஒரு செல்போன் கோபுரத்தை அழிக்கும் வேலை மட்டுமே பார்த்த ஹைதராபாத் சி.ஜி. நிறுவனத்துக்குக்கூடப் போயிருக்கிறது. எங்களுக்கு வரவில்லை. பழைய பிரதிக்குப் பொருத்திய ஒலியை நாங்கள் அனுப்ப, வசனம், இசை, சத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் கூடத்தில் வாய் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். நள்ளிரவில் போன் வந்தது: "டப்பிங் சிங்க் இல்லை. அந்த அம்மாவை மறுபடி வரச் சொல்லுங்கள்."

அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வர முடியாது என்றார். "துட்டி இல்லாத இடத்தில் ஒருமுறை அழுததற்கே பேரன் கோபித்துக்கொண்டான். அழுததைத்தான் வாங்கிக்கொண்டு போனீர்களே, அதை எங்கே தொலைத்தீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கடைசியில் கையிலிருந்த டேக்குகளை மூச்சு மூச்சாகப் பிரித்துப் புதிய நீளத்துக்கு ஒட்டிக் கொடுத்தோம். திரையில் வாய் பொருந்துகிறது. கை மார்பில் விழும்போது மூச்சு உடையவில்லை. படம் பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள், உசிலம்பட்டிக்காரர்களுக்குத் தெரியும்.

11 ஃபிரேம் ஒரு விஷயமா என்று கேட்ட மேனேஜருக்காக ஒரு கணக்கு, தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்க. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லி நொடி. 11 ஃபிரேம் என்றால் அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒலி சற்றுப் பிந்தினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். கண்மாயின் எதிர்க்கரையில் துணி துவைப்பதைப் பார்த்திருக்கிறோம், துணி கல்லில் விழுந்த பிறகுதான் சத்தம் வரும். சத்தம் முந்திக்கொண்டால் பொறுக்காது, இரண்டு மூன்று ஃபிரேம் முந்தினாலே உறுத்தும். பிந்துவதும் அரை நொடியை நெருங்கினால் பொறுக்காது. அதோடு, ரீலின் நடுவில் எடுத்த 11 ஃபிரேம் அந்த இடத்தோடு நிற்பதில்லை. அதற்குப் பின்னால் ரீல் முடியும்வரை உள்ள வசனம், காலடி, கதவுச் சத்தம், காகம் எல்லாம் இடம் தவறும். ஒவ்வொரு ரீலிலும் படம் தொடங்குவதற்கு இரண்டு நொடி முன்னால் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 'பீப்' வைப்பது எல்லாத் துறையும் ஒரே கோட்டில் நிற்பதற்காகத்தான். ஆனால் ரீலின் தலையில் அது எப்போதும் சரியாகவே நிற்கும். நடுவில் நீங்கள் வெட்டியதை அது எங்களுக்குச் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்குத் தனியாக ஆள் போட வேண்டியதில்லை. எந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் வெட்டுப் பட்டியல்தான் இ.டி.எல். பழைய இ.டி.எல்., புதிய இ.டி.எல். இரண்டையும் கொடுத்தால் ஒப்பிட்டு மாற்றப் பட்டியல் எடுத்துத் தரும் மென்பொருள் இருக்கிறது. எடிட்டிங் உதவியாளர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் "சார், சின்ன மாற்றம்தான்" என்று குரல் செய்தி அனுப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள். சின்னது என்றால் எத்தனை ஃபிரேம் என்பதே எங்கள் கேள்வி.

உங்களுக்கு எழுதிக் கொடுக்கத் தெரியாது என்று நான் நம்பவில்லை. தணிக்கை வாரியம் ஒரு காட்சியைக் குறைக்கச் சொன்னால், எந்த ரீலில் எத்தனை நொடி எடுத்தோம் என்று சுத்தமாகப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறீர்கள். சான்றிதழ் வாங்கிய பிறகு ஒரு வசனத்தை மாற்றினாலும் வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்குகிறீர்கள். அங்கே அதிகாரம் இருக்கிறது, இங்கே மாடியறைதான் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எழுத ஆரம்பித்த பிறகு இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. போஸ்டரில் 'மதுரை மண்ணின் கதை' என்று போடுகிறீர்கள். அந்த மண்ணில் உங்களுக்கு அருவாள் சத்தமும் ஆட்டோ ஹாரனும் மட்டும்தான் கேட்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் கூட்டத்துக்குள் நின்று நாங்கள் பதிவு செய்த ஒலி எத்தனையோ படங்களில் ஓடுகிறது. டைட்டிலில் பெயர் வராது. நன்றி அட்டையில் ஹோட்டல்காரர் பெயர் வரும். இதே ஒப்பாரிக் காட்சிக்குக் கீழே இசையமைப்பாளர் வயலின்களை நிரப்பியிருந்தார். நாங்களோ பறை ஓய்ந்த பின் வரும் வெறுமையை வைத்திருந்தோம். அவர் மீது குற்றமில்லை. நாங்கள் என்ன வைத்திருக்கிறோம் என்பது அவருக்கும், அவர் என்ன செய்கிறார் என்பது எங்களுக்கும் மிக்ஸிங் நாளில்தான் தெரிந்தது. இசை, ஒலி, எடிட்டிங் மூவரும் இயக்குநரோடு ஒரு நாள் உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருந்தால் இரண்டு தரப்பின் உழைப்பும் மிஞ்சியிருக்கும். பூஜைக்கு ஆயிரம் பேரைக் கூட்ட முடிந்தவர்களால் ஒரு மேசைக்கு நான்கு பேரைக் கூட்ட முடியவில்லை. அந்த மூதாட்டியின் பேட்டாவும் இன்னும் வந்து சேரவில்லை. அதைக் கேட்டால், மறுபடி வந்து பாடினால் சேர்த்துத் தருகிறோம் என்று பதில்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைத் திரும்பச் சொல்கிறேன். லாக் செய்த படத்தைத் திறக்கும் உரிமை உங்களுடையது. திறந்தால் மாற்றப் பட்டியலும், ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் காட்டும் டைம்கோடும் தேதியும் திரையில் தெரியும் புதிய பிரதியும் அன்றே எங்களுக்கும் வர வேண்டும். முடிந்தால் இன்னும் இரண்டு: ஒலியை அனுப்பும்போது ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் சில நொடிகள் கூடுதலாக விட்டு அனுப்புங்கள், ஒட்டுவதற்கு எங்களுக்குத் துணி வேண்டும். நொடிக்கு 23.976 ஃபிரேமில் எடுத்ததை 24 என்று எழுதாதீர்கள், ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகிவிடும்.

அடுத்த வாரம் உங்களில் ஒருவருடைய படத்தின் முதல் மூன்று ரீல்கள் இங்கே வரவிருக்கின்றன. அவை லாக் ஆனவையா, இல்லையா என்பதை எழுத்தில் தெரிவித்துவிட்டு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆகவில்லை என்றால் ஒரு வாரம் கழித்தே அனுப்புங்கள். காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மதுரையில் உங்களுக்கு வசன ஒலி பார்ப்பவன்