விமான நிலைய வீதி வாசலோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு விமான நிலையத்தை விரிவாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் ஓடுபாதையின் நீளத்தைத்தான் எல்லோரும் அளக்கிறார்கள். 1,560 மீற்றரில் பெரிய ஜெட் இறங்காது, சரி. ஆனால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வருவதும் ஏடிஆர் வகைச் சிறு விமானம்தானே! 2016இல் சிவில் சேவைக்குத் திறந்து, 2018 மார்ச்சில் சர்வதேச நிலையம் என்று அறிவித்த பிறகும் இங்கே ஒழுங்கான வெளிநாட்டுச் சேவை ஒன்றும் நிலைக்கவில்லை. பெயர்ப்பலகை மட்டும் முந்திக்கொண்டது.

நான் கேட்பது வீதியைப் பற்றி. நகரிலிருந்து திமிலைதீவு வரை அகலமாக்கிக் காபட் போட்டுவிட்டு, விமான நிலைய வாசலோடு வேலையை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் எங்கள் பயம். அதற்கப்பால் வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் நெல்லும் பாலும் நகருக்கு வருகிற வழி அது. மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, வாவியும் நிரம்பினால், வலையிறவில் வெள்ளம் வீதிக்கு மேலால் பாயும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். விமான நிலையத்துக்குச் செலவழிக்கிற கையோடு இந்தத் துண்டையும் செய்தால் என்ன?

அப்புறம் இன்னொன்று. வீதியை உயர்த்தினால் மட்டும் போதாது. போதிய மதகு வைக்காமல் மண்ணைக் கொட்டி உயர்த்தினால் அது அணைக்கட்டாகிவிடும். வீதி காய்ந்திருக்கும், வயல் தாழும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டாலும் தண்ணீர் அங்கே போய்ச் சேர வழி வேண்டாமா? எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது வயல்காரருக்கும் தோணிக்காரருக்கும் தெரியும். வரைபடம் கீறுமுன் அவர்களைக் கேட்க வேண்டும்.

குடிநீர்க் குழாய், மின்கம்பம், வடிகான் எல்லாம் காபட்டுக்கு முதலே முடிய வேண்டும். புது வீதியை ஆறு மாதத்தில் கிண்டுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கேட்டால் ஒரு திணைக்களம் மற்றதைக் கைகாட்டும்.

கேள்விப்பத்திரம் கோருமுன் வீதித் திட்டத்தைப் பிரதேச செயலகத்தில் தமிழில் காட்சிக்கு வையுங்கள். மண்வேலை ஐப்பசி மழைக்கு முன் முடியும்படி ஒப்பந்தத்திலேயே திகதி போடுங்கள்.

இப்படிக்கு,
வவுணதீவு வாசகர் ஒருவர்